மயிலாடியில் ஒரு தவக்காலச் சனிக்கிழமை

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பேருந்து கடக்கும்போது, உறங்குகின்றவரும் ஒருமுறை கண் விழித்துச் சன்னலுக்கு வெளியே நோக்குவர். பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாக வருமளவும் கண்ணுக்குத் தென்படுவன செம்மண்ணும், உடைமரங்களும், பனைகளுமே. கணவாய்க் காற்று முகத்தில் அறைந்த சிறிது நேரத்திற்கெல்லாம் தோவாளையின் பூந்தோட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றையடுத்துத் தென்னையும், வாழையும், வயலும் வந்துவிடுகின்றன. மலை ஒன்று நடுவே நின்று, மழையை ஒருபுறம் கொடுத்து மறுபுறம் மறுத்த காட்சி அது. கணவாயை அடுத்த காற்றாடிமலையில் 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் உயிர் ஈந்தவரும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்றவருமான தேவசகாயம் பிள்ளையை நினைந்து, எம் இல்லத்தரசி வழக்கம்போல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

நாங்கள் இருவரும் மயிலாடிக்குப் புறப்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. ஓர் அம்மி வாங்க வேண்டும் என்பது ஒன்று. வீடு மாறியபோது எங்கள் வீட்டுப் பழைய அம்மி ஆட்களின் கை தவறி விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அது எம் மாமியார் தம் திருமணத்தின்போது கொண்டு வந்தது. அவர் கடந்த ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் வைத்த தீயல் எதுவும் தீயலாக அமையவில்லை என்பது இல்லத்தரசியின் தீராக் குறை. மற்றொரு காரணம், மயிலாடியிலுள்ள பெரியம்மையிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு. அவர் எம் மாமியாரின் தமக்கை. வயது எண்பதைக் கடந்தவர். “இந்தக் கும்பப்பூ அரிசிய வந்து எடுத்திட்டுப் போங்க மக்களே. அடுத்த பூவுக்கு வயல் இருக்குமோ என்னமோ” என்று அவர் சொன்னதாகக் கூறிவிட்டு, இல்லத்தரசி நெடுநேரம் பேசாமலிருந்தார்.

நாஞ்சில் நாட்டு வழக்கறியாத வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படும். இங்கு நெல் ஆண்டுக்கு இருமுறை விளைகிறது. சித்திரை, வைகாசியில் விதைத்துப் புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் நட்டு மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. கன்னியும் கும்பமும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் புரட்டாசிக்கும் மாசிக்கும் உரிய பெயர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இந்நிலம் மலையாள நாட்டு ஆட்சியோடு இணைந்திருந்ததன் சுவடு, ஆவணங்களில் மறைந்தாலும் வயலின் பெயரில் நிலைத்துவிட்டது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை கன்னிப்பூவுக்கும், ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்கு மழை கும்பப்பூவுக்கும் துணை செய்கின்றன. இரு பருவமழைகளிலும் பங்கு பெறும் பேறு தமிழகத்தில் எத்தனை ஊர்களுக்கு வாய்த்தது? மழை பொய்க்கும் நாட்களில், 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் கால்வாய் நீர் இருக்கிறது. நீர் கடைமடை வரை வந்தால் அன்றோ பயன் என்று பெரியம்மை பின்னர் கூறினார். அதனைப் பின்னர் எழுதுவோம்.

நாகர்கோவில் வடசேரியில் இறங்கியதும் கனகமூலம் சந்தைக்குள் ஒரு சுற்று வந்தோம். வெறுங்கையோடு உறவினர் வீடு புகுதல் முறையன்று. பழக்கடைகளில் தொங்கிய குலைகளைக் கண்டு எதனை விடுவது என்று திகைத்தோம். செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோட்டான், இரசகதலி என வாழையில் இத்தனை வகைகளை எங்கள் ஊர்ச் சந்தையில் ஒருசேரக் கண்டதில்லை. மட்டிப் பழத்தில் ஒரு சீப்பு வாங்கினோம். விரல்களை மடக்கினாற்போல் சற்றே வளைந்த சிறு பழங்கள், மெல்லிய தோல், தேன் மணம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இம்மாவட்டத் தாய்மார் பால் குடிக்கும் குழந்தைக்கு முதன்முதலில் மசித்து ஊட்டும் பழம் அதுவே ஆதலின், அதன் பெருமைக்கு அரசுச் சான்று வேண்டியதில்லை.

அங்கேயே மற்றொரு காட்சியும் கண்ணில் பட்டது. பீட்ரூட், முட்டைக்கோசு, காலிபிளவர் என மூட்டைகள் பாரவண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் அருகிலேயே கிழவி ஒருவர் சாக்கு விரித்து, நான்கு தடியங்காய்த் துண்டுகளும், ஒரு கட்டு முருங்கைக்கீரையும், சிறு குவியலாய் மாவடுவும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நாங்கள் அங்கு நின்றிருந்த பத்து நிமிடமும் அவரிடம் எவரும் விலை கேட்கவில்லை. இல்லத்தரசி மாவடு முழுவதையும் வாங்கிவிட்டார்.

நகரப் பேருந்து கோட்டாற்றைக் கடந்து, சுசீந்திரத்துக் கோபுரத்தை வலம் வருவதுபோல் வளைந்து, கன்னியாகுமரி நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சென்றது. இப்பகுதியின் தேரூர்க் குளத்தையும் சுசீந்திரத்துக் குளத்தையும் சேர்த்து 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்த்துள்ளனர். வெளிநாட்டுப் பறவைகளும் நம்பி வந்து இறங்குமளவிற்கு நீர் நின்ற நாடு இது.

மயிலாடியை அணுகும்போது முதலில் வரவேற்பது உளியோசை. சாலையின் இருபுறமும் கற்பட்டறைகள். பாதி முடிந்த யாளிகள், நந்திகள், தேவமாதா சுரூபங்கள், தலைவர்களின் சிலைகள். சமயப் பிரிவின்றி யாவரும் அருகருகே கல்லுக்குள்ளிருந்து வெளிவந்துகொண்டிருந்தனர். 1806ஆம் ஆண்டில் இரிங்கல்தௌபே என்ற சீர்திருத்த சபை மறைபரப்பாளர் தென்திருவிதாங்கூரில் தம் பணியைத் தொடங்கியதும் இந்த மயிலாடியில்தான். பெயரிற் பெரிய ஊர், அளவிற் சிறியது.

“வெயிலுக்க கூட வந்திருக்கியளே! கை கால் கழுவிட்டு உள்ள வாருங்க” என்று வாசலிலேயே வரவேற்றார் பெரியம்மை. மோர் அருந்திய கையோடு அவர் எங்களைப் புறவாசலுக்கு அழைத்துச் சென்றார். வீட்டைச் சுற்றிய விளை நாற்பது சென்ட் இருக்கும். தென்னை பதினொன்று, பலா இரண்டு, மா ஒன்று, முருங்கை மூன்று, மூலையில் வாழைக்கூட்டம், அதன் நிழலில் சேம்பு, வேலியோரம் கோவைக்கொடி, கிணற்றடியில் கறிவேப்பிலை. “காலையில புறவாசலப் பாத்தாத்தான் உச்சைக்குக் கறி என்னண்ணு தெரியும்” என்றார். உச்சை என்பது நண்பகல். எங்கள் வீட்டில் நண்பகலுக்கு என்ன சமையல் என்பது முந்தைய நாள் இரவே முடிவாகிவிடும். அதற்கேற்பக் கடைக்கு ஓடுவது எம் தொழில். இங்கு முறை தலைகீழாக இருந்தது. இன்று என்ன பறிக்க இருக்கிறது என்பதை முதலில் பார்த்து, அதன் பின்னரே சமையலை நினைக்கிறார்கள்.

அன்று பறிக்க இருந்தவை: பிஞ்சுப் பலா ஒன்று, முருங்கைக்காய் ஐந்து, வாழைக்காய், மரத்தடியில் உதிர்ந்த மாங்காய்கள், அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய சேனைத் துண்டு, கொடியில் முற்றத் தொடங்கிய வெள்ளரி. இவை அனைத்தும் சேர்ந்து அவியலாவதற்கு வேறு தீர்மானம் எதற்கு? வீமன் விராட நாட்டு மடைப்பள்ளியில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாக்கி அவியலைப் படைத்தான் என்று கதை சொல்வார்கள். கதை எவ்வாறாயினும் அதனுள் உள்ள உண்மை தெளிவு. எதுவும் தனியே ஒரு கறிக்குப் போதாத நாளில், எல்லாம் சேர்ந்து ஒரு கறியாகின்றன. அவியலுக்கு இன்ன காய்தான் என்று விதியில்லை. ஆனி மாதத்து அவியல் வேறு, மாசி மாதத்து அவியல் வேறு. எங்கள் ஊர் விருந்துகளில் காரட்டும் பீன்சும் ஆண்டு முழுவதும் ஒரே அவியலாக வருவதை எண்ணிப் பார்த்தோம்.

சமையற்கட்டில் எமக்கும் ஒரு பணி கிடைத்தது. தேங்காய் துருவியின் மீது அமர்த்தப்பட்டோம். மூன்று தேங்காய் துருவி முடிப்பதற்குள் அந்நாட்டு உணவின் அடிப்படை எதுவென்று எம் தோளுக்குத் தெரிந்துவிட்டது. அவியலுக்குக் காய்களை விரல் நீளத்தில் நறுக்கி, கடினமான சேனையையும் வாழைக்காயையும் முதலில் அடுப்பேற்றி, முருங்கையும் வெள்ளரியும் பின்னர் சேர்த்தார் பெரியம்மை. நீர் சிறிதளவே ஊற்றினார். வெள்ளரி தன் நீரைத் தானே விடும் என்றார். புளிப்புக்குத் தயிர் இல்லை, மாங்காயே போதும். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், இரண்டு உள்ளி ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்துச் சேர்த்தார். இறக்கும் தறுவாயில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் இட்டு மூடிவிட்டு, “இனி தொறக்கப்பிடாது, மணம் உள்ள இருக்கட்டு” என்று எங்களை எச்சரித்தார்.

பிஞ்சுப் பலா துவரனாயிற்று. கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு மேல்தோல் சீவி, துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, உரலில் இட்டு இடிக்கின்றனர். இடிப்பதனால் அதற்கு இடிச்சக்கை என்று பெயர். இது தை, மாசியில் மட்டுமே கிடைக்கும். பங்குனி கடந்தால் கொட்டை முற்றிவிடும். சித்திரையில் அதே காய் பழமாகிவிடும். அண்டை மாநிலமான கேரளம் 2018ஆம் ஆண்டில் பலாவைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழகத்தின் மாநிலப் பழமும் பலாவே என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாம் அறியோம்.

தீயலைப் பற்றிச் சிறிது விரித்தே எழுத வேண்டும். அதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தோம்! துருவிய தேங்காயை, மல்லி, மிளகாய் வற்றல், நல்லமிளகு, ஓரிரு உள்ளியுடன் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுக்கிறார்கள். பொன்னிறம் போதாது, காப்பிக்கொட்டை நிறம் வர வேண்டும். ஒரு நொடி கடந்தால் கருகிக் கசந்துவிடும். பெரியம்மையின் கண் மங்கிவிட்டது. மணத்தைக் கொண்டே அடுப்பை அணைத்தார். வறுத்ததை நீர் விடாமல் அம்மியில் வைத்து அரைக்க அரைக்க, உலர்ந்த தூளாயிருந்தது மெல்ல நனைந்து, எண்ணெய் கசிந்து, மினுமினுக்கும் விழுதாகிறது. “பாத்தியா? எண்ணை தெளிஞ்சுது. இதுதான் கணக்கு” என்று இல்லத்தரசியிடம் காட்டினார். மின் அரைவையின் அலகு வெட்டுகிறது; அம்மி நசுக்கித் தேய்க்கிறது. நீர் விடாமல் அலகு சுழலாது. நீர் விட்டால் எண்ணெய் பிரியாது. ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டில் நடந்த தீயல் வழக்கு அந்த ஒரு நொடியில் தீர்ந்தது. வதக்கிய உள்ளியோடு புளி கரைத்து இவ்விழுதை இட்டுக் கொதிக்கவைத்தபோது எழுந்த மணத்தில், இல்லத்தரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். அது எரிவாயு அடுப்பு.

வாழையிலையில் உண்டோம். கும்பப்பூவின் சிவப்பரிசிச் சோறு; தடித்த மணி; பொறுமையாக மென்றால் மெல்லிய இனிப்பு. எங்கள் ஊர் வெள்ளரிசியில் மூன்று முறை உண்பவன், இதில் ஒருமுறையோடு நிறைந்துவிடுகிறான். பெரியம்மை தவக்காலம் நாற்பது நாளும் மீனையும் இறைச்சியையும் தொடுவதில்லை. பழைய தலைமுறையின் ஒருசந்தி, சுத்தபோசன முறை அது. “இத்தனை சுவையாக உண்டால் இது ஒறுத்தலாகுமா?” என்று விளையாட்டாகக் கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்து, “மீன் இல்லாம இந்த வீட்டில சோறு எறங்காது மக்களே. எனக்கு அதுதான் தவசு” என்றார்.

உண்மைதான். கடல் ஒரு நடைத் தொலைவில் இல்லாவிடினும், மீன் கூடை வாசலுக்கு வரும் தொலைவில்தான் இருக்கிறது. சாளையும், அயிலையும், நெத்திலியும் மிகும் காலங்களை இம்மக்கள் நெல்லின் காலத்தைப் போலவே அறிவர். கடலுக்கும் ஓர் ஓய்வுண்டு. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கடற்பகுதியில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையும், குளச்சல் உள்ளிட்ட மேற்குப் பகுதியில் சூன், சூலை மாதங்களிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் இனம் பெருகட்டும் என்பதே நோக்கம். உள்நாட்டில் உண்போர் அந்நாட்களில் விலை ஏறியதைக் குறைகூறுவதுண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது நம் கடலோரப் பங்குகளிலிருந்து கடலுக்குச் சென்று திரும்பாதவர்களை எண்ணினால், மீன்காரப் பெண்ணிடம் பேரம் பேச நா எழாது. அதே புயல் இப்பக்கத்து வாழைகளையும் தென்னைகளையும் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. பெரியம்மையின் விளையில் அன்று பதினேழு தென்னைகள் நின்றிருந்தனவாம்.

உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, ஓராண்டின் உணவைப் பெரியம்மை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போனார், நாம் குறித்துக்கொண்டோம். சித்திரை, வைகாசியில் மாம்பழமும், வருக்கைச் சக்கையும், நுங்கும். மழை தொடங்கியதும் செம்மண் பூசி வைத்த சக்கைக் கொட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். முருங்கைக்கீரையோடு கூட்டு வைக்கலாம். அடுப்புத் தணலில் சுட்டும் தின்னலாம். ஐப்பசி, கார்த்திகையில் சேம்பும் காச்சிலும். திருக்கார்த்திகையன்று பனங்குருத்தோலையில் பொதிந்து அவித்த கொழுக்கட்டை சமய வேறுபாடின்றித் தெருவெல்லாம் கைமாறும். மார்கழி, தையில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும். மாசி முதல் பனை ஏறுவோர் அக்கானி இறக்குவர். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரே அக்கானி. அதனைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. “இப்ப ஏறுகதுக்கு ஆளு எங்க?” என்று அவ்விடத்தில் மட்டும் நிறுத்தினார். அன்று மாலை அக்கானி வேண்டுமென்று எம் மனம் விரும்பியது, கிடைக்கவில்லை.

ஆண்டு முழுவதும் துணை நின்றது மரச்சீனிக் கிழங்கு. போர்த்துக்கீசியர் கொண்டு வந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஏழைகளின் உணவாகப் பரப்பினார். 1942இல் பர்மாவை சப்பானியர் கைப்பற்றி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் உயிரைக் காத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. பெரியம்மையின் தாயார் அந்நாட்களில் ஒருபிடி அரிசியைக் கிழங்கோடு சேர்த்துக் காய்ச்சி ஒன்பது பேருக்குப் பரிமாறியதைக் கூறினாராம். கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும் என்பதை நம் இளம் இல்லத்தரசிகளுக்கு நினைவூட்டுவோம். அதிலுள்ள நச்சுத்தன்மை நீரோடும் ஆவியோடும் நீங்கும். தொலைவிலிருந்து வரும் உணவை நம்பியிருந்த நாடு, வழி அடைபட்டபோது தன் கொல்லைப்புறக் கிழங்கால் பிழைத்தது என்பதையும் உடன் நினைக்கத் தோன்றுகிறது.

வெயில் தாழ்ந்ததும் கற்பட்டறைக்குச் சென்றோம். பட்டறைக்காரர் அறுபது வயதினர். தலைமுடியும் புருவமும் கல்தூளால் வெண்மை பூத்திருந்தன. அம்மி வேண்டும் என்றதும் வியப்போடு பார்த்தார். முன்பெல்லாம் திருமணக் காலத்தில் அம்மியும், ஆட்டுக்கல்லும், திருகையும் வண்டி வண்டியாகப் போகுமாம். இப்போது மாதத்திற்கு ஒன்றோ இரண்டோ. அதுவும் மணமேடையில் மிதிப்பதற்காகச் சிறிய அம்மி கேட்கிறார்கள் என்றார். “அரைக்கவா, மிதிக்கவா?” என்று அவர் கேட்டபோது சிரிப்பதா வருந்துவதா என்று தோன்றவில்லை. அரைக்க என்றோம். பட்டறையின் பின்புறம் அழைத்துச் சென்று, கிடந்த நான்கு கற்களைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். ஒன்று மணிபோல் ஒலித்தது. மற்றொன்றின் ஓசை அடங்கியே வந்தது. உள்ளே கீறல் இருக்கும் என்று அதனை ஒதுக்கினார். மணிபோல் ஒலித்ததைத் தேர்ந்தோம்.

புதிய அம்மியை உடனே பயன்படுத்தலாகாது. முதலில் தவிடும் உப்பும் இட்டு அரைத்து எறிய வேண்டும். அதன்பின் ஊறவைத்த அரிசியை அரைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, நறநறப்பு நீங்குமட்டும் எறிய வேண்டும். நாட்பட வழுவழுப்பானால் கொத்திக்கொள்ள வேண்டும். “அதுக்கும் எங்கிட்டத்தான் வரணும்” என்று சிரித்தார். எங்கள் தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்ற குரல் கேட்டு எத்தனை ஆண்டுகளாயின என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம், இருவருக்கும் நினைவில்லை.

புறப்படும்போது பட்டறை முற்றத்தில் ஒரே அளவில் செதுக்கப்பட்ட சிறு தூண்கள் அடுக்கப்பட்டிருந்தன. எதற்கென்று கேட்டோம். மனைகளுக்கு எல்லைக்கல் என்றார். இப்போது அதற்குத்தான் தேவை மிகுதியாம்.

அக்கற்களை மீண்டும் கண்டது பெரியம்மையின் வயலில். வயல் முப்பது சென்ட்தான். அறுவடை முடிந்து தாள் நின்றது. இரண்டு கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. வலப்பக்கத்து வயலில் செம்மண் கொட்டி மேடாக்கி, வரிசையாக எல்லைக்கற்கள் நட்டிருந்தனர். இடப்பக்கத்தில் வீடு ஒன்று கூரை வரை எழுந்துவிட்டது. நடுவே பள்ளத்தில் கிடந்தது பெரியம்மையின் நிலம். மழை பெய்தால் மேட்டு நீரெல்லாம் இங்கு வந்து தேங்கி நெல் அழுகுகிறது. மழையில்லாவிட்டால், கிளைவாய்க்கால் மண் மூடியதால், கால்வாயில் நீர் ஓடியும் வயலுக்கு வந்து சேர்வதில்லை. பேச்சிப்பாறையிலிருந்து இத்தனை தூரம் வந்த நீர் கடைசி இரு நூறு அடியைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறது. இந்தக் கும்பப்பூவுக்குக் கூலியும் உழவும் உரமும் கணக்கிட்டால், கடையில் அரிசி வாங்குவதே மலிவு. மகன்கள் இருவரும் வளைகுடாவில். வாங்குவதற்கு ஆள் வாசலில் வந்து நிற்கிறார்.

கேரளம் 2008ஆம் ஆண்டிலேயே நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியதை நாம் படித்திருக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், சிறு நிலங்களில் பயிரிடுவோரே உலக மக்களில் பெரும்பாலோருக்கு உணவளிக்கின்றனர் என்பதையும், அவர்கள் நிலத்தை விற்க நேர்வதையும் குறிப்பிட்டுள்ளதை எங்கள் பங்கின் அன்பியக் கூட்டத்தில் வாசித்து விளக்கியவர்களும் நாங்களே. அவற்றையெல்லாம் சொல்ல வாயெடுத்தோம். “என்ன செய்ய மக்களே, நீங்க சொல்லுங்க” என்று பெரியம்மை எங்கள் முகத்தைப் பார்த்தார். முட்டி தேய்ந்த கால்களோடு வரப்பின் மேல் ஒரு கையை எங்கள் இல்லத்தரசியின் தோளில் ஊன்றி நின்ற அவரிடம், விற்காதீர்கள் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் வந்திருப்பது ஒரு பை அரிசியை எடுத்துச் செல்ல. வயலில் இறங்க அல்ல. இருட்டும் மட்டும் பேசாமல் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

இரவுக்குக் கஞ்சியும் பயறும். சிவப்பரிசிக் கஞ்சியில் சிறுபயறு மலர்ந்து கிடக்க, மேலே துருவிய தேங்காய். தொட்டுக்கொள்ளக் காணத்துவையலும், உப்பிலிட்ட மாங்காயும். கரண்டிக்கு மாற்றாகப் பலாவிலையைக் கோட்டி, ஈர்க்குச்சி செருகித் தந்தார். முதலில் கஞ்சி மேலெல்லாம் சிந்தியது, பின்னர் பழகிவிட்டது. பெரிய வெள்ளியன்று கோயிலில் கஞ்சி காய்ச்ச ஆண்டுதோறும் இவ்வீட்டிலிருந்து அரிசி செல்வது வழக்கமாம். இவ்வாண்டுக்கும் தனியே எடுத்து வைத்திருப்பதாக ஒரு மண்பானையைக் காட்டினார்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் விடைபெற்றோம். அரிசியை அளந்து போட்டார். நிறைந்த பின்னும் இரு கை அள்ளிப் போட்டார். மறுபடியும் ஒரு கை. பேருந்தில் அம்மிக்கும் குழவிக்கும் சுமைச்சீட்டு எடுக்கச் சொன்ன நடத்துநர், சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ரெண்டு ஆளுக்க டிக்கெட்டே எடுக்கலாம்” என்று சிரித்தார்.

வீடு சேர்ந்து முதல் நாள் தவிடு அரைத்தோம். இரண்டாம் நாள் அரிசி, நறநறத்தது. மூன்றாம் நாளும் நறநறத்தது. ஐந்தாம் நாள் இல்லத்தரசி விழுதைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். அன்று உள்ளித்தீயல் வைத்துவிட்டு மயிலாடிக்குத் தொலைபேசியில் பேசினார். எண்ணெய் தெளிந்ததா என்று கேட்டாராம் பெரியம்மை. தெளிந்தது என்றாராம் இவர். மரத்தில் இன்னும் இரண்டு இடிச்சக்கைகள் கிடக்கின்றன, முற்றுவதற்குள் வாருங்கள் என்றாராம். வயலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.